முதன்மை அதிர்வு மூலம்

மார்லிஸ் நடந்தால் பாட்டு தாவும். ஆர்லன் ஸ்கோக்லண்டின் வீட்டில் இருந்த பிரச்சினை அவ்வளவுதான். அடுக்களையிலிருந்து காப்பிக் கோப்பையோடு அவன் மனைவி சோபாவுக்கு வருவாள். நாலாவது எட்டில் ரெக்கார்டு ப்ளேயரின் ஊசி ஒரு துள்ளு துள்ளி, வால்ட்ஸ் இசையின் நடுவிலிருந்து நேராகக் கடைசிக்குப் போய்விடும். வீடு பழையது, தரை பலகை, மார்லிஸ் ஒன்றும் பறவை இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குளிர் ஊரான டுலூத்தில் ஆர்லனுக்கு கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த லாரி அவனை நாள் முழுக்கக் குலுக்கிப் போடும். வீட்டிலாவது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டு, இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்ற இடத்தில் கனமான பழைய ரெக்கார்டு ப்ளேயர் ஒன்றை வாங்கி வந்தான். ஊசி தாவுகிறது என்று தெரிந்ததும், செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டான்.

விவரம் தெரிந்தவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது. வடகரை நல்லிசைக் கேட்போர் சங்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஓர் உறுப்பினர் வீட்டு நிலவறையில் கூடுவார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு உட்கார்ந்து, ஒரே பாட்டின் முதல் நாற்பது விநாடியைப் பதினேழு தரம் போட்டுக் கேட்பார்கள். ஒவ்வொரு தரமும் ரெக்கார்டு ப்ளேயருக்கு அடியில் எதையாவது மாற்றி வைப்பார்கள். பிறகு மூப்பு வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து, எவ்வளவு முன்னேற்றம் என்று சொல்வார்கள். நாற்பத்தோராவது விநாடியில் அந்தப் பாட்டில் என்ன வருகிறது என்று சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் கடைசியில் சங்கத்தின் அதிர்வுத் தடுப்பு நிலைக்குழு ஆர்லன் வீட்டுக்கு வந்தது. ஐந்து பேர். பேசுகிறவர் தலைவர், டாக்டர் வெண்டல் ஹூக்ஸ்ட்ரா. கோணல் பற்களுக்குக் கம்பி கட்டி முப்பது வருஷம் சம்பாதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். எழுதுகிறவர் செயலாளர், புரூஸ் காங்கஸ். மற்ற மூவரும் தலையாட்டுகிறவர்கள். டாக்டர் கம்பளத்தில் குப்புறப் படுத்து ஸ்டெதாஸ்கோப்பைத் தரையில் வைத்தார். எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் அடுக்கிய தட்டோடு மார்லிஸ் உள்ளே வந்தாள். டாக்டர் நிமிராமலே கையை உயர்த்தினார். தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஆர்லன், உங்க வீட்ல அதிர்வு இருக்கு" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். இவ நடக்கும்போது ஊசி தாவுது."

"அது உங்களுக்குத் தெரியற அதிர்வு. நான் சொல்றது உங்களுக்குத் தெரியாத அதிர்வு. அதுதான் ஆபத்து."

"தெரியலேன்னா என்ன ஆபத்து?"

"தெரியலேங்கறதுதான்" என்றார் டாக்டர். மூவர் தலையாட்டினார்கள். புரூஸ் எழுதிக்கொண்டான்.

வைத்தியம் ஆரம்பித்தது. ரெக்கார்டு ப்ளேயருக்கு அடியில் முதலில் பனி ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டுகள் நான்கு. பிறகு பாதியாக அறுத்த டென்னிஸ் பந்துகள். பிறகு மேப்பிள் பலகை, அதற்கடியில் காற்றடித்த சைக்கிள் டியூப். பிறகு ஒரு தட்டு நிறைய ஆற்று மணல். பக்கத்து வீட்டுப் பூனை அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. கடைசியில், தேதி தப்பாகச் செதுக்கிவிட்டதால் விலைபோகாத ஒரு கல்லறைக் கல்லை நான்கு ஆட்கள் தூக்கி வந்து எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்கள். அதன் கனத்துக்குத் தரை தாழ்ந்ததால், நிலவறையில் மூன்று இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் வந்த அன்று குழு வந்து உட்கார்ந்தது, கண்ணை மூடிக்கொண்டது, திரை ஒன்று விலகியது மாதிரி இருக்கிறது என்றது. இத்தனை திரைகள் இந்த வீட்டில் எங்கே இருந்தன என்று மார்லிஸ் கேட்டாள். ஊசி மட்டும் அவளுடைய நாலாவது எட்டுக்குத் தவறாமல் தாவியது.

அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ வருகிறது என்று குழுவுக்குச் சந்தேகம் வந்தது. ஜன்னல்களுக்கு மூன்றாவது கண்ணாடி போட்டார்கள். சுவரைத் திறந்து கல்பஞ்சு அடைத்தார்கள். கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார்கள். தெருவில் தீயணைப்பு வண்டி போனால்கூட உள்ளே கேட்காது. பிறகு ஃப்ரிட்ஜின் மேல் சந்தேகம் விழுந்தது, அது கராஜுக்குப் போனது. டுலூத்தின் டிசம்பரில் கராஜில் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கு ஒரே வேலைதான், பாலை உறையாமல் காப்பாற்றுவது. அடுத்ததாக வீட்டைச் சூடாக்கும் உலை. பாட்டுக் கேட்கும் நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும் என்றார்கள். ஆர்லன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு கேட்டான்.

சந்தேகம் ஜலதோஷம் மாதிரி, ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் ஒட்டும். சாப்பாட்டு நேரத்தில் புரூஸ் போன் பண்ணுவான்.

"ஆர்லன், உங்க வீட்ல வாஷிங் மெஷின் ஏதாவது ஓடுதா?"

"இல்லையே. யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன். நீ இல்லைன்னு அவ்வளவு வேகமாச் சொன்னதை மட்டும் குறிச்சுக்கறேன்."

கொஞ்ச நாளில் ஆர்லனுக்கே காது கூர்மையாகிவிட்டது. பாட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தான். எதிர்வீட்டுக்காரன் கராஜ் கதவை வேண்டுமென்றே தூக்குகிறானோ, தபால்காரன் குதிகாலை ஊன்றி நடக்கிறானோ என்றெல்லாம் யோசித்தான். குழு கேட்டதால் ஒரு பதிவேடு வைத்து, வீட்டில் எழும் அதிர்வுகளை நேரம் போட்டு எழுதினான். ஜனவரி முதல் வாரத்தில் மார்லிஸ் அதை எடுத்துப் படித்தாள்.

"இது என்னது? 'ஏழு பத்து, மார்லிஸ், குளியலறை, நடுத்தரம். ஏழு பதினாலு, மார்லிஸ், அடுக்களை, கடுமை.'"

"குழு கேட்டது."

"வியாழக்கிழமை மூணே காலுக்கு 'மார்லிஸ், காரணமில்லாமல்'னு எழுதியிருக்கே."

"நீ எதுக்கு எந்திரிச்சேன்னு தெரியல."

"என் வீட்ல நான் எந்திரிச்சேன், ஆர்லன்."

அந்த ஞாயிறு குழு வந்து பதிவேட்டைப் பரிசீலித்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். படிவத்தில் 'முதன்மை அதிர்வு மூலம்' என்ற இடத்தில் புரூஸ் அழகான கையெழுத்தில் மார்லிஸ் ஸ்கோக்லண்ட் என்று எழுதினான். டாக்டர் அவளிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, இதுல உங்க தப்பு எதுவும் இல்லை. நடக்கறது மனுஷ சுபாவம். என் மனைவியும் நடந்துட்டுத்தான் இருந்தா."

"இப்போ?"

"இப்போ அரிசோனால இருக்கா" என்றார் டாக்டர். "அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்குச் சங்கத்தோட முதல் நிலைச் சான்றிதழ் கிடைச்சுது."

மார்லிஸுக்குக் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். பலகைக்கு அடியில் உத்திரம் ஓடும் இடங்களைக் கண்டுபிடித்து, அடுக்களைக்கும் சோபாவுக்கும் வாசலுக்கும் நீல நிற டேப் ஒட்டி வழி போட்டார்கள். டேப்பின் மேல் மட்டும் நடந்தால் அதிர்வு மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒன்பது நாள் அவள் டேப்பின் மேல் நடந்தாள். பத்தாம் நாள் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கம்பளிச் செருப்போடு, டேப்பை விட்டு ஓர் அங்குலம்கூட விலகாமல் வாசல் வரை போனாள். வாசலில் பூட்ஸ் மாட்டினாள்.

"டார்லா வீட்டுக்குப் போறேன். அங்க தரை சிமென்ட்."

டார்லா அவளுடைய அக்கா, இருபது மைல் தள்ளி கிளோகேயில் இருந்தாள்.

"எப்போ வருவே?"

"நான் நடக்கலாம்னு முடிவானதும் சொல்லு. வரேன்."

அன்றைக்குப் பாட்டு முதல் தடவையாகத் தாவாமல் கடைசி வரை ஓடியது. ஆர்லன் கண்ணீர் விட்டான். புரூஸுக்குப் போனில் சொன்னபோது, மிகச் சிறந்த தகவல், கண்ணீர் வந்த நேரத்தையும் குறித்து வை என்றான். ஆர்லனுக்கு மார்லிஸ் வேண்டும். அவள் இல்லாமல் ஹாட்டிஷ் என்கிற ஒரே வேகவைத்த பதார்த்தத்தை நாலு நாள் சூடுபடுத்திச் சாப்பிட்டுக்கொண்டு வாழ அவனால் முடியாது. ஆனால் அவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று யோசித்தால், வீட்டில் அதிர்வு இல்லை என்று குழுவிடம் சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்ற வழி மட்டும்தான் அவன் புத்திக்கு எட்டியது.

சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர்கள் தலைவர் வீட்டில் ஒருமுறை கேட்டாக வேண்டும் என்பது விதி. பிப்ரவரியில் போனான். மேல்மாடி இல்லாத வீடு, தனி அஸ்திவாரத்தில் ஓர் அறை, அதற்குள் எஃகுக் கம்பியில் தொங்கும் இன்னொரு தளம், அதன் மேல் காற்றில் மிதக்கும் மேடை, மேடை மேல் ரெக்கார்டு ப்ளேயர். பன்னிரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிஷம் ஆனது. ஆர்லன் பக்கத்திலிருந்த புரூஸிடம் குனிந்தான்.

"பாட்டு எப்போ போடுவாங்க?"

கேள்வி டாக்டர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, எல்லாருக்குமாகச் சொன்னார்.

"நல்ல கேள்வி. புதுசா வர்றவங்க கேக்கறதுதான். ஃப்ரிட்ஜை எடுத்தோம், உலையை அணைச்சோம், குடும்பத்தை அனுப்பினோம். அப்புறமும் அதிர்வு இருந்துச்சு. மூணு வருஷம் தேடினேன். கடைசில பார்த்தா, ஸ்பீக்கர். வீட்லயே பெரிய அதிர்வு ஸ்பீக்கர்ல இருந்துதான் வருது. பாட்டுதான் பாட்டைக் கெடுக்குது. பதினோரு வருஷமா இங்க நான் எதையும் போடல. இதைவிடச் சுத்தமா ஒரு சிஸ்டம் இந்த மாநிலத்துல கிடையாது."

பன்னிரண்டு பேரும் கைதட்டவில்லை, தட்டினால் அதிரும். விரல்களை மட்டும் காற்றில் ஆட்டினார்கள்.

ஆர்லனுக்கு அப்போதுதான் முதல் தடவையாக இந்த ஆட்களின் மேலேயே சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டு ப்ளேயரின் முன்னால் மண்டியிட்டான். இத்தனை மாதமும் எல்லாரும் அதற்கு அடியில் பார்த்தார்கள், அதன் மேல் பகுதியை யாரும் பார்க்கவில்லை. சுற்றுகிற தட்டின் மேல் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினான். அடியில் மஞ்சளாகிப்போன ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. 'இயந்திரம் உள்ளே சுருள்வில்லின் மேல் மிதக்கிறது. இடம் மாற்றும்போது மட்டும் சிவப்புத் திருகு இரண்டையும் முடுக்கவும். வீடு சேர்ந்ததும் தளர்த்தவும்.' இரண்டு சிவப்புத் திருகும் மூலைக்கொன்றாக, இறுக்கமாக முடுக்கியபடி இருந்தன. விற்றவர்கள் வழியில் அடிபடாமல் இருக்க முடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்லன் ஒரு காசை எடுத்து அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினான். ஊசியை வைத்துவிட்டு நடந்தான். குதித்தான். பாட்டு பாட்டுக்கு ஓடியது.

போனைக் கையில் எடுத்தான். கிளோகே நம்பரில் பாதி அழுத்திவிட்டு நிறுத்தினான். நாலு மாதத்தில் அவனுடைய காது அவனுக்கே நம்பிக்கை இல்லாத காதாகிவிட்டிருந்தது. மூன்று வாரத்தில் இறுதிச் சோதனை, குழு ஏற்கெனவே தேதி கொடுத்திருக்கிறது. அதுவும் முடிந்து, தாளில் எழுதி வாங்கிவிட்டால், அப்புறம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று போனை வைத்துவிட்டான்.

மார்ச் முதல் ஞாயிறு மத்தியானம் குழு வந்தது. பதினாலாவது விதிப்படி முதன்மை அதிர்வு மூலம் நேரில் வந்து, குளிர்கால பூட்ஸோடு, அடுக்களையிலிருந்து சோபா வரை மூன்று முறை நடந்து காட்ட வேண்டும். மார்லிஸுக்குக் கடிதம் போயிருந்தது. அவள் வந்தாள். இணைத்திருந்த படிவத்தில் எடை என்ற இடத்தில் 'தூக்கிப் பார்த்து எழுதிக்கொள்ளவும்' என்று நிரப்பிக் கொண்டுவந்து புரூஸிடம் நீட்டினாள். அந்த வீட்டுக்குள் யாரும் பூட்ஸோடு நுழைந்ததே இல்லை, முக்கியமாக அவள்.

நீல டேப்பை அவள் லட்சியம் செய்யவில்லை. வால்ட்ஸ் ஓடிக்கொண்டிருக்க, தரையில் ஆணி அடிக்கிறவள் மாதிரி நடந்தாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. ஊசி அசையவில்லை. பத்துக் கைகளின் விரல்கள் காற்றில் ஆடின.

டாக்டர் எழுந்தார். "இது கல்லோட வெற்றி. கல்லு, மணல், டியூப், பந்து, வட்டு, எல்லாத்துக்கும் மேல நம்ம பொறுமை. ஸ்கோக்லண்ட் வீட்டுக்கு இரண்டாம் நிலைச் சான்றிதழ் கொடுக்கறதுல சந்தோஷம். இனிமே அம்மா இங்க நியாயமான அளவுக்கு நடக்கலாம்."

மார்லிஸ் கணவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆர்லனால் பொய்யை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"டாக்டர், அது கல்லு இல்ல. ரெண்டு திருகு. மேல இருக்கு பாருங்க, சிவப்பா. அதைத் தளர்த்தினேன். அவ்வளவுதான்."

டாக்டர் திருகைப் பார்த்தார். விரிப்பைத் தூக்கிக் காகிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ரெண்டு திருகுதான்னு வெச்சுக்குவோம்" என்றார் நிதானமாக. "அப்படீன்னா நாங்க இருபத்திரண்டு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தோம்? யோசிச்சுப் பாருங்க. அதுக்குப் பதிலே இல்லை. பதில் இல்லாததனால அது திருகா இருக்க முடியாது. புரூஸ், திருகுங்கற வார்த்தையை எழுதாதே."

"எழுதல டாக்டர்."

மார்லிஸ் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "எப்போ கண்டுபிடிச்சே?"

"மூணு வாரமாச்சு."

"மூணு வாரம்."

"இவங்க தேதி கொடுத்திருந்தாங்க. கையில ஒரு பேப்பர் இருந்தா நீ நம்புவேன்னு…"

"'வா'ன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், ஆர்லன். திருகே இல்லாமக்கூட நம்பியிருப்பேன்."

அவள் போனாள். கதவை ஓங்கிச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழு முழுவதும் ஊசியின் மேல் குனிந்தது.

"அசையல டாக்டர்" என்றான் புரூஸ். "கதவுக்குக்கூட அசையல."

"முதல் நிலை" என்று டாக்டர் மெல்லச் சொன்னார்.

ஆர்லன் காலுறையோடு பனிக்குள் ஓடினான். கார் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மார்லிஸ் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"எதையாவது அளக்க மறந்துட்டியா?"

"போகாதே. அவங்களை அனுப்பிட்டு வரேன். இரு, மார்லிஸ்."

அவள் பனியில் புதைந்திருந்த அவன் கால்களைப் பார்த்தாள். கியரிலிருந்து கையை எடுத்தாள். "அஞ்சு நிமிஷம்" என்றாள். "அஞ்சுதான். அதுக்குள்ள அந்த வீட்ல யாரும் இருக்கக் கூடாது."

ஆர்லன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"எல்லாரும் கிளம்புங்க. கூட்டம் முடிஞ்சுது."

"ஆர்லன்" என்றார் டாக்டர், புண்பட்ட குரலில். "உங்க மனசு புரியுது. ஆனா கூட்டம் அப்படி முடியாது. யாராவது முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்திருப்பான். ஆர்லன் தொழிற்சங்கக் கூட்டத்திலும் சர்ச் கூட்டத்திலும் முப்பது வருஷம் மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவன். வழிமொழியாமல் ஒரு கூட்டம் முடியும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"கூட்டத்தை முடிக்கணும்னு முன்மொழியறேன்."

யாரும் வழிமொழியவில்லை. தலையாட்டுகிற மூவரும் டாக்டரைப் பார்த்தார்கள். ஆர்லன் ஒவ்வொரு முகமாகக் கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் மூவரில் ஒருவர், மத்தியானத்திலிருந்து கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கி வழிமொழிந்தார்.

"ஒரு திருத்தம்" என்றார் டாக்டர். "இசைத்தட்டை நடுவுல நிறுத்தறது விதிக்கு விரோதம். இந்தப் பக்கம் ஓடி முடிஞ்சதும் கூட்டம் முடியும்னு திருத்தறேன்."

புரூஸ் திருத்தத்தை வழிமொழிந்தான். வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து பேரும் கை தூக்கினார்கள். அவசரத்தில் ஆர்லனும் தூக்கிவிட்டான். தட்டில் இன்னும் ஒரு போல்காவும் ஒரு வால்ட்ஸும் மிச்சமிருந்தன. ஆறு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு இடத்தில்கூடத் தாவவில்லை. சங்க உறுப்பினர்கள் ஒரு பக்கத்தைக் கடைசி வரை கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது என்று எல்லாருக்கும் தோன்றியது, யாரும் சொல்லவில்லை.

பிறகு டாக்டர் சான்றிதழில் இரண்டை அடித்து ஒன்று ஆக்கி, கீழே கையெழுத்துப் போட்டு, ஆர்லன் கையில் கொடுத்தார். ஐந்து பேரும் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டினார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு ஆர்லன் வெளியே போனான். கார் நின்ற இடத்தில் இரண்டு டயர் தடம் இருந்தது, அதன் மேல் பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் அஞ்சு நிமிஷம் இருந்தாளா, அதற்கு மேலும் இருந்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கார் கிளம்பிய சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை. அந்த அறைக்குள் வெளியிலிருந்து எதுவும் வராது; சான்றிதழில் அதையும் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்கள்.